ஐந்து முறை உலகக் கிண்ணம் வென்ற நைஜீரிய இளையோர் அணி: அந்த வெற்றிகளை எப்படி மதிப்பிடுவது?

வெள்ளவத்தை வாசகர்:

கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 2022 இலும் 2025 இலும் நடைபெற்ற தெற்காசிய 17 வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளைப் பற்றி இங்கே பேச்செடுத்தால், அது ஏதோ ஒரு கட்டத்தில் வீரர்களின் வயதில் வந்து நிற்கிறது. அங்கிருந்து நைஜீரியாவுக்குப் போய், "அவர்கள் வென்ற கிண்ணங்கள் எல்லாம் வயதை மறைத்து வென்றவை" என்று ஒரே வரியில் தீர்ப்பும் சொல்லப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்பில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. மீதிப் பங்கு, ஒரு நாட்டின் பல தலைமுறைச் சிறுவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்று கருதுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இன்று 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் எனப்படுவது, 1985 ஆம் ஆண்டு சீனாவில் முதன்முதலாக நடைபெற்றபோது 16 வயதுக்குட்பட்டோருக்கான சுற்றுப்போட்டியாக இருந்தது. 1991 இல்தான் வயதெல்லை 17 ஆக உயர்த்தப்பட்டது. அந்த முதல் சுற்றுப்போட்டியிலேயே, பெய்ஜிங்கில் நடந்த இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனியை 2-0 எனத் தோற்கடித்து நைஜீரியா சம்பியனானது. ஃபீஃபா நடத்திய சுற்றுப்போட்டி ஒன்றை ஓர் ஆபிரிக்க நாடு வென்றது அதுவே முதற்றடவை. 1987 இல் கனடாவில் மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்து, சோவியத் ஒன்றியத்திடம் பெனால்டி உதைகளில் தோற்றது. பின்னர் 1993 இல் ஜப்பானில் கானாவை 2-1 எனவும், 2007 இல் தென் கொரியாவில் ஸ்பெயினைப் பெனால்டி உதைகளிலும், 2013 இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் மெக்சிக்கோவை 3-0 எனவும், 2015 இல் சிலியில் மாலியை 2-0 எனவும் வென்றது. 2001 இல் பிரான்ஸிடமும், தன் சொந்த மண்ணில் நடந்த 2009 சுற்றுப்போட்டியில் சுவிட்சர்லாந்திடமும் இறுதியில் தோற்றதையும் சேர்த்தால், 1985 முதல் 2015 வரை நடந்த 16 சுற்றுப்போட்டிகளில் எட்டின் இறுதியாட்டத்தில் நைஜீரியா ஆடியிருக்கிறது. பிரேசிலுக்குக்கூட இந்தக் கிண்ணம் நான்குதான்.

இவற்றில் என்னை மிகவும் கவர்வது 1993 அணி. கனடாவை 8-0 எனவும் ஆர்ஜென்டீனாவை 4-0 எனவும் அந்த அணி நொறுக்கியது. வில்சன் ஒருமா ஆறு கோல்களுடன் சுற்றுப்போட்டியின் முதன்மைக் கோலடிப்பாளரானார். அவரோடு நுவான்கோ கானுவும் செலஸ்டீன் பாபாயாரோவும் ஆடினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அரையிறுதியில் பிரேசிலை 4-3 எனவும் இறுதியில் ஆர்ஜென்டீனாவை 3-2 எனவும் வென்று தங்கப் பதக்கம் பெற்ற நைஜீரியக் குழாமில் இந்த மூவரும் இருந்தார்கள். இளையோர் அணி ஒன்று நாட்டுக்கு எதைத் தர வேண்டுமோ அதைத் தந்துவிட்டது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வயதைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தத் தொடர்ச்சியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.


மருதானை பின்காவலன்:

சகோதரர் எழுதியிருப்பதை முழுமையாக வாசித்தேன். நைஜீரிய ஆட்டத்தின் மீது எனக்கும் அதே அளவு பிரியம் உண்டு. 1994 உலகக் கிண்ணத்தில் அவர்கள் ஆடிய ஆட்டம்தான் என் வயதொத்த பலரை இந்த விளையாட்டின் பக்கம் இழுத்தது. ஆனால் வரலாறு என்று எழுதும்போது 1989 ஐ விட்டுவிட்டு எழுத முடியாது.

அந்த ஆண்டு பெப்ரவரியில், சவூதி அரேபியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகச் சுற்றுப்போட்டியின் காலிறுதியில், சோவியத் ஒன்றியத்திடம் நான்கு கோல்கள் பின்தங்கியிருந்த நைஜீரியா, இரண்டாம் பாதியில் நான்கு கோல்களையும் திருப்பி அடித்துப் பெனால்டி உதைகளில் வென்றது. நான்காவது கோலை அடித்தவர் 1985 அணியின் தலைவராக இருந்த இன்டுக்கா உக்பாடே. தமாம் நகரில் நடந்ததால் "தமாம் அற்புதம்" என்று இன்றும் நைஜீரியர்கள் அதை நினைவுகூர்கிறார்கள். இறுதியில் போர்த்துக்கலிடம் 2-0 எனத் தோற்றாலும், இளையோர் உதைபந்தாட்டத்தில் நைஜீரியாவின் பெயர் அந்த நாட்களில் உச்சத்தில் இருந்தது.

அதே ஆண்டில்தான் ஃபீஃபாவின் தண்டனையும் வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடிய நைஜீரிய வீரர்கள் சிலரின் பிறந்த திகதிகள், அவர்களே முந்தைய சுற்றுப்போட்டிகளில் கொடுத்திருந்த திகதிகளோடு ஒத்துப்போகவில்லை. அதற்காக நைஜீரியாவின் எல்லா இளையோர் அணிகளும் இரண்டு ஆண்டுகளுக்குச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 1991 இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகச் சுற்றுப்போட்டியை நடத்தும் உரிமையும் பறிபோய், அது போர்த்துக்கலுக்கு மாற்றப்பட்டது. இது வதந்தியோ தோற்றவர்களின் வயிற்றெரிச்சலோ அல்ல. ஒரு நாட்டின் சம்மேளனம் கையெழுத்திட்டு அனுப்பிய இரண்டு ஆவணங்கள் ஒன்றையொன்று பொய்யாக்கியிருக்கின்றன.

ஆகவே என் நிலைப்பாடு இது: 1985, 1987, 1993 ஆகிய ஆண்டுகளின் சாதனைகளை, ஆவணங்களை மட்டும் நம்பி நடத்தப்பட்ட ஒரு காலத்தின் சாதனைகளாகவே பார்க்க வேண்டும். அந்த அணிகளில் யாராவது குறிப்பிட்ட ஒருவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் எதிரணியில் ஆடிய பதினாறு வயதுப் பையன்களுக்கு, தங்கள் முன்னால் நிற்பவனும் பதினாறு வயதுதான் என்று உறுதி கொடுக்க அன்று ஒருவருமே இருக்கவில்லை. அதை அந்தப் பையன்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.


கொட்டாஞ்சேனை சுபா:

நான் மருத்துவமனை ஒன்றின் கதிரியக்கப் பிரிவில் பணியாற்றுகிறேன். வயதுப் பரிசோதனை என்றால் என்ன, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் பலருக்குத் தெளிவில்லை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

2009 இல் நைஜீரியாவில் நடந்த சுற்றுப்போட்டியிலிருந்து ஃபீஃபா, 17 வயதுக்குட்பட்ட ஆண் வீரர்களுக்கு மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. பரிசோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் பெருவிரல் பக்கமாக இருப்பது ஆரை எலும்பு. அது மணிக்கட்டைத் தொடும் முனையில், வளரும் பிள்ளைகளுக்கு ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தட்டு இருக்கும். படத்தில் எலும்பு மச்சை வெளிறியும், அந்தத் தட்டு அதன் குறுக்கே ஒரு கருங்கோடாகவும் தெரியும். வயது ஏற ஏற அந்தக் கோடு நடுவிலிருந்து மறையத் தொடங்கி, ஓரங்களில் மட்டும் சிறிது எஞ்சி, இறுதியில் தடயமே இல்லாமல் போய்விடும். இதை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் நிலை, அதாவது முழுமையாக இணைந்துவிட்ட நிலை, 17 வயதுக்குள் ஏற்படுவது மிகமிக அரிது. எக்ஸ்-கதிரை விட்டு எம்.ஆர்.ஐ. ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் உண்டு: நோயில்லாத ஒரு பிள்ளையை, போட்டி ஒன்றுக்காக மட்டும் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது மருத்துவ அறத்துக்குப் பொருந்தாது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. கோடு முற்றாக மறைந்திருந்தால் அந்த வீரர் வயதைக் கடந்தவர் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஆனால் கோடு தெரிந்தால் அவர் 17 வயதுக்குட்பட்டவர் என்று சொல்ல முடியாது. 18, 19 வயதிலும் சிலருக்கு அது முழுமையாக இணைவதில்லை. அதாவது இந்தப் பரிசோதனை, நேர்மையான ஒரு பையன் தவறுதலாக வெளியேற்றப்படக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே தளர்வாக வைக்கப்பட்ட ஒன்று. வயது கூடிய சிலர் அதன் வழியே உள்ளே வந்துவிட இடமுண்டு. பெண் பிள்ளைகளுக்கு எலும்பு முன்னதாகவே இணைந்துவிடுவதால் அவர்களுடைய சுற்றுப்போட்டிக்கு இந்த முறை பயன்படாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 2023 ஜனவரியில் கமரூன் சம்மேளனம் தன் 17 வயதுக்குட்பட்ட குழாமிலிருந்த 30 பேரைத் தானாகவே பரிசோதித்தபோது 21 பேர் தேறவில்லை. அந்தச் செய்தியை வாசித்துப் பலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்புக்குரியதாகத் தெரியவில்லை. வெளியார் பிடிக்கும் முன்னரே ஒரு சம்மேளனம் தன் வீட்டைச் சுத்தம் செய்ய முன்வந்ததை நான் மதிக்கிறேன்.


வெள்ளவத்தை வாசகர்:

சுபா அக்காவின் விளக்கத்துக்கு மிக்க நன்றி. மருதானைச் சகோதரர் 1989 ஐப் பற்றிச் சொன்னவற்றில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் கேட்பது அடுத்த கேள்வி. எம்.ஆர்.ஐ. வந்த பிறகு நைஜீரியா என்ன ஆனது?

வயது மறைப்பு ஒன்றே அவர்களுடைய பலமாக இருந்திருந்தால், 2009 க்குப் பின் அவர்கள் காணாமல் போயிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. 2013 இல் மனு கர்பா பயிற்றுவித்த அணி, முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சம்பியன் மெக்சிக்கோவை 6-1 என்று வீழ்த்தியது. கெலச்சி இஹியனாச்சோ மட்டும் நான்கு கோல்கள் அடித்தார். இறுதியில் மீண்டும் அதே மெக்சிக்கோவைச் சந்தித்து 3-0 என வென்றார்கள். சுற்றுப்போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து இஹியனாச்சோவுக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறான ஒரு தலைமுறை, எமானுவேல் அமுனிக்கேயின் பயிற்சியில், சிலியில் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அந்தச் சுற்றுப்போட்டியில் விக்டர் ஒசிம்ஹென் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் கோல் அடித்து, மொத்தம் பத்துக் கோல்களுடன் புதிய சாதனை படைத்தார்.

சுபா அக்கா சொன்னது போல அந்தப் பரிசோதனை தளர்வானதுதான். ஆனால் அந்தத் தளர்வு எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. ஒரே சல்லடையின் வழியாக வந்த அணிகளுள் நைஜீரியா அடுத்தடுத்து இரண்டு முறை முதலிடம் பெற்றிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அங்குள்ள சிறுவர்களின் திறமையும், அவர்களைத் தேடிப் பிடித்து மாதக்கணக்கில் ஒன்றாக வைத்துப் பயிற்றுவித்த முறையும்தான். தெருவிலும் செம்மண் தரையிலும் ஆடிப் பழகிய பையன்கள், பந்தைத் தங்கள் காலடியிலேயே வைத்துக்கொண்டு, நெருக்கடியான இடத்தில் திரும்பிக் கடந்து போகும் அழகை 2013 அணியின் ஆட்டப் பதிவுகளில் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகும் "வயது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.


கொம்பனித்தெரு பயிற்றுநர்:

தம்பிமார் இருவரும் நல்ல முறையில் வாதிட்டிருக்கிறீர்கள். கொழும்பில் சிறுவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பந்து சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், நீங்கள் இருவரும் தொடாத ஒரு பக்கத்தை எழுத விரும்புகிறேன். அந்தக் கிண்ணங்களைத் தூக்கிய பையன்களுக்குப் பிறகு என்ன நடந்தது?

1987 சுற்றுப்போட்டியின் தங்கப் பந்தைப் பெற்றவர் பிலிப் ஒசொந்து. பெல்ஜியத்தின் ஆன்டர்லெக்ட் கழகத்துக்குப் போனார். நைஜீரியாவுக்காக ஓர் உலகக் கிண்ணத்தில்கூட அவர் ஆடவில்லை. 2001 அணியின் ஃபெமி ஒபாபுன்மி, அடுத்த ஆண்டே, 17 வயதில், இங்கிலாந்துக்கு எதிராக மூத்தோர் உலகக் கிண்ணத்தில் களமிறங்கினார். உலகக் கிண்ண வரலாற்றில் மிக இளம் வயதில் ஆடியவர்களின் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. கண்நோய் அவருடைய பார்வையைப் பாதித்ததால் இளம் வயதிலேயே விளையாட்டை விட்டுவிட நேர்ந்தது. 2007 இல் ஏழு கோல்கள் அடித்து முதன்மைக் கோலடிப்பாளரான மக்காலி கிறிசாந்தஸ், ஜேர்மனியின் ஹம்பேர்க் கழகத்தில் சேர்ந்தார். அந்தக் கழகத்துக்காக லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. அதே சுற்றுப்போட்டியில் தங்கப் பந்து பெற்ற ஜேர்மன் சிறுவன் டோனி குரோஸ், ஏழு ஆண்டுகளில் மூத்தோர் உலகக் கிண்ணத்தையே வென்றார். 2015 இன் தங்கப் பந்து வீரர் கெலச்சி நுவாக்காலியை ஆர்சனல் ஒப்பந்தம் செய்தது. முதலணிக்காக ஒரு லீக் ஆட்டமும் ஆடாமலே அவர் அங்கிருந்து வெளியேறினார். ஒசிம்ஹென் போல, இத்தாலிய லீக்கில் 26 கோல்கள் அடித்து நாப்போலியைச் சம்பியனாக்கி, 2023 இல் ஆபிரிக்காவின் சிறந்த வீரராகத் தெரிவானவர்கள் மிகச் சிலரே.

ஸ்பெயினைப் பாருங்கள். 1991, 2003, 2007, 2017 என்று நான்கு முறை இந்தச் சுற்றுப்போட்டியின் இறுதியில் தோற்றிருக்கிறது. ஒரு முறையும் வென்றதில்லை. ஆனால் 2010 இல் மூத்தோர் உலகக் கிண்ணம் அவர்களிடம் வந்தது. 1999 இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகச் சுற்றுப்போட்டியை நைஜீரியா நடத்தியபோது, இறுதியில் ஜப்பானை 4-0 என்று வென்ற ஸ்பெயின் அணியில் ஷாவி ஆடினார், கசியாஸும் குழாமில் இருந்தார். பதினொரு ஆண்டுகள் கழித்து உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்திய இருவரும், இளையோர் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது லாகோஸ் நகரில். நைஜீரியாவோ 1994, 1998, 2014 ஆகிய மூன்று முறையும் கடைசிப் பதினாறு அணிகள் என்ற கட்டத்தைத் தாண்டவில்லை. 2022, 2026 உலகக் கிண்ணங்களுக்கு அவர்கள் தகுதியே பெறவில்லை.

பதினேழு வயதில் வெல்வதற்கும் இருபத்தேழு வயதில் வெல்வதற்கும் தேவையான தயாரிப்பு வேறு. நான் பயிற்றுவிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகளில், மீசை அரும்பிய இரண்டு பேரை முன்னுக்கு நிறுத்தி நீளமாகப் பந்தை அடித்துக் கொடுத்தால் இந்த வாரப் போட்டியை வென்றுவிடலாம். பெற்றோருக்கும் சந்தோசம், கழகத்துக்கும் சந்தோசம். ஆனால் நடுக்களத்தில் ஒரு சிறிய பையன் இருக்கிறான்; பந்து அவனிடம் வருவதற்கு முன்னரே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துவிடுவான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தோள்பலம் இல்லாததால் பத்தில் நான்கு பந்தைப் பறிகொடுப்பான். அந்த நான்கைப் பொறுத்துக்கொண்டு அவனை ஆட்டத்தில் வைத்திருப்பதுதான் பயிற்றுநரின் வேலை. கிண்ணத்துக்காக மட்டும் அணி கட்டினால் முதலில் வெளியேறுபவன் அவன்தான்.

ஃபீஃபாவின் வயதெல்லை ஜனவரி முதலாம் திகதியில் தொடங்குவதால், உலகெங்கும் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாகவும் இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்ட விடயம். பொய்ச் சான்றிதழ் எதுவும் இல்லாமலே, டிசம்பரில் பிறந்த பையனுக்கு அநீதி நடந்துகொண்டுதான் இருக்கிறது. வயது மறைப்பு என்பது இதே பேராசையின் கடைசிப் படி.


மருதானை பின்காவலன்:

பயிற்றுநர் ஐயா எழுதியது என் வாதத்தை நான் நினைத்திராத இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. வயதைக் குறைத்துக் காட்டிய ஒருவர் ஆடும்போது, தோற்கும் நாட்டுப் பையன் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. அவருடைய சொந்த நாட்டிலேயே, உண்மையில் பதினாறு வயதான ஒருவனின் இடம் பறிக்கப்படுகிறது. லாகோஸிலோ கானோவிலோ அப்படி வீட்டில் இருந்துவிட்ட பையன்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த வகையில் 2009 க்குப் பிந்தைய பரிசோதனை, மற்ற நாடுகளைவிட நைஜீரியச் சிறுவர்களுக்கே அதிக நன்மை செய்திருக்கிறது என்றும் சொல்லலாம். 2013, 2015 அணிகளைப் பற்றிச் சகோதரர் சொன்னதை இந்த வெளிச்சத்தில் ஏற்றுக்கொள்கிறேன். 1993 ஐப் பற்றிய என் ஐயம் அப்படியே இருக்கிறது.


கொட்டாஞ்சேனை சுபா:

எனக்கு ஒரு கேள்வி. 2015 க்குப் பிறகு நைஜீரிய இளையோர் அணியைப் பற்றி ஏன் அதிகம் கேள்விப்படுவதில்லை? இந்தியாவில் 2017 இல் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர்களைக் கண்டதாக நினைவில்லை.


வெள்ளவத்தை வாசகர்:

சுபா அக்காவின் நினைவு சரி. 2017 இல் இந்தியாவுக்கு வந்த ஆபிரிக்க அணிகள் கானா, மாலி, கினி, நைஜர் ஆகிய நான்கும்தான். தொடர்ந்து இரண்டு முறை வென்ற சம்பியன் அங்கே இல்லை. 2019 இல் பிரேசிலுக்குத் தகுதி பெற்றார்கள், ஆனால் கடைசிப் பதினாறில் நெதர்லாந்திடம் 3-1 எனத் தோற்றார்கள். 2023 இல் ஆபிரிக்கச் சுற்றுப்போட்டியின் காலிறுதியில் புர்க்கினா ஃபாசோவிடம் தோற்றதால் இந்தோனேசியாவுக்குப் போக முடியவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது 2025. கட்டாரில் நடந்த அந்தச் சுற்றுப்போட்டியில் அணிகளின் எண்ணிக்கை 48 ஆக உயர்த்தப்பட்டு, ஆபிரிக்காவுக்கு மட்டும் பத்து இடங்கள் கிடைத்தன. உகண்டாவும் சாம்பியாவும் அங்கே ஆடின. அதிக கிண்ணங்களை வென்ற நாடு ஆடவில்லை.

இதை வைத்து, "பார்த்தீர்களா, கடைசியில் உண்மை வெளிவந்துவிட்டது" என்று சொல்வதற்கு இடமில்லை. வீழ்ச்சி தொடங்குவதற்கு முன்னரே, அதே பரிசோதனையின் கீழ் இரண்டு கிண்ணங்கள் வந்துவிட்டன. மேற்கு ஆபிரிக்காவில் அயலவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பதே முதற் காரணம் என்று நான் நினைக்கிறேன். 2015 இல் இறுதியில் தோற்ற மாலி, அதற்குப் பின்னர் 2017 இலும் 2023 இலும் அரையிறுதி வரை வந்தது. ஒரு காலத்தில் நைஜீரியாவிடமும் கானாவிடமும் மட்டும் இருந்த, சிறுவர்களைத் தேடித் திரட்டிப் பயிற்றுவிக்கும் முறை இப்போது எல்லோரிடமும் இருக்கிறது.

பயிற்றுநர் அண்ணா கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனாலும் 1996 ஒலிம்பிக் அணியை அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் வைக்க வேண்டும் என்று இப்போதும் நம்புகிறேன். கானுவும் பாபாயாரோவும் ஒருமாவும் பதினேழு வயதில் உலகத்தின் முன் ஆடியிராவிட்டால், ஐரோப்பியக் கழகங்களின் கண்ணில் எப்போது பட்டிருப்பார்கள்? நம் நாட்டுப் பையன்களுக்கு இதுவரை இல்லாதது அந்த மேடைதான். இலங்கை இந்தச் சுற்றுப்போட்டிக்கு ஒருமுறையும் தகுதி பெற்றதில்லை. இந்தியாகூட 2017 இல் போட்டியை நடத்திய நாடு என்ற உரிமையில்தான் ஆடியது.


கொம்பனித்தெரு பயிற்றுநர்:

தம்பி சொல்லும் மேடை முக்கியம்தான், மறுக்கவில்லை. அந்த மேடைக்கு ஒரு பையன் வரும்போது அவனுக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. ரேஸ்கோர்ஸில் 2025 செப்டெம்பரில் இந்தியாவும் பங்களாதேஷும் ஆடிய இறுதியாட்டம் பெனால்டி உதைகளில் முடிவானது. அதே இந்தியச் சிறுவர்கள் இரண்டே மாதங்களில் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று தோற்கடித்து, ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். நம் மைதானத்தில் ஆடிய அணி, ஆசியாவின் பெரிய அணி ஒன்றை வெல்லும் தூரத்தில் இருந்திருக்கிறது. அந்த ஆட்டங்களின் பதிவுகள் கிடைத்தால் தயவுசெய்து இங்கே பகிருங்கள். இந்திய நடுக்கள வீரர்கள் பந்து வருவதற்கு முன் எங்கே பார்க்கிறார்கள் என்பதை என் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.